அந்த 'உம்'மை யாரைக் கேட்டுச் சேர்த்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் பிரிந்த கதையை ஒரு பக்கக் கட்டுரையாகப் போட்டிருந்தீர்கள். இந்த விஷயத்தைத் தமிழில் யாராவது எழுதுவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் "1054 ஜூலை 16 அன்று ஒரே நாளில் கிறிஸ்தவம் இரண்டாக உடைந்தது, காரணம் ஒரு சொல்லும் ஒரு ரொட்டித் துண்டும்தான்" என்று கட்டுரையாளர் முடித்திருந்ததைப் படித்தபோது மனசு கேட்கவில்லை. எங்கள் பங்கில் 30 வருஷமாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சொல். தந்தை, மகன் (இயேசு), தூய ஆவி என்று மூவராய் இருக்கும் ஒரே கடவுளைக் கிறிஸ்தவர்கள் நம்புகிறோம். 381-ல் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆயர்கள் கூடிய பொதுச்சங்கத்தில் உருப்பெற்ற நம்பிக்கை அறிக்கை, அதாவது நம் நம்பிக்கையைச் சுருக்கி வழிபாட்டில் சொல்லும் வாசகம், தூய ஆவி "தந்தையிடமிருந்து புறப்படுகிறார்" என்று மட்டும்தான் சொன்னது. யோவான் நற்செய்தி 15-ம் அதிகாரம் 26-ம் வசனத்தில் இயேசு சொல்வதும் அவ்வளவுதான். மேற்கே லத்தீனில் பிற்பாடு 'ஃபிலியோக்வே' என்ற சொல் சேர்ந்தது. 'ஃபிலியோ' என்றால் மகனிடமிருந்து. கடைசியில் ஒட்டியிருக்கும் 'க்வே' என்பது அச்சு அசலாக நம்முடைய 'உம்'. பள்ளிக்கூடத்தில் எண்ணும்மை என்று படித்தோமே, அதேதான். தமிழ்த் திருப்பலியில் நீண்ட நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும் நாள்களில் "தந்தையிடமிருந்தும் மகனிடமிருந்தும்" என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறோம், அந்த இரண்டு 'உம்'முக்குப் பின்னால் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கு இருக்கிறது என்று நினைப்பதே இல்லை.

இதைக் கெட்ட எண்ணத்தில் யாரும் சேர்க்கவில்லை. ஸ்பெயினை ஆண்ட விசிகோத்துகள் ஆரியுஸின் போதனையைப் பின்பற்றியவர்கள், அதாவது மகன் தந்தைக்குச் சமமில்லை என்றவர்கள். அவர்களுடைய அரசர் ரெக்காரெட் அதைக் கைவிட்டுக் கத்தோலிக்கரான பிறகு 589-ல் தொலேதோவில் ஒரு சங்கம் கூடியது. மகனும் தந்தைக்குச் சமமே என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே இருந்தது, ஆவி மகனிடமிருந்தும் புறப்படுகிறார் என்ற போதனை அப்படித்தான் அழுத்தம் பெற்றது. அங்கிருந்து மெல்ல மெல்ல வழிபாட்டுக்குள் நுழைந்து, பிறகு பிராங்கியரின் நாட்டுக்கும் (இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதி) போனது.

சிக்கல் எங்கே என்றால் மொழியில். பின்னாளில் ஆர்த்தடாக்ஸ் என்றான கிழக்கு கிரேக்கத்திலும், கத்தோலிக்கம் என்றான மேற்கு லத்தீனிலும் பேசின. 'எக்போரேவ்எஸ்தாய்' என்ற கிரேக்கச் சொல் ஒரு மூல ஊற்றிலிருந்து பிறந்து வெளிவருவதை மட்டுமே குறிக்கும். லத்தீனின் 'ப்ரொசேதெரே' அதைவிடப் பரந்த சொல், எங்கிருந்து கிளம்பி வந்தாலும் எதன் வழியாக வந்தாலும் அதையே போடலாம். தமிழில் 'புறப்படு' கூட லத்தீன் பக்கம்தான் சாயும். நான் வகுப்பில் தாமிரபரணியைச் சொல்லித்தான் விளக்குவேன். ஆறு பிறப்பது பொதிகையில். பாபநாசத்துக்காரர் "எங்க ஊர்லேருந்து வர்ற தண்ணி" என்று சொன்னால் அது பொய்யில்லை, ஆனால் ஊற்று எங்கே என்று கேட்டால் பதில் பொதிகை மட்டும்தான். கிரேக்கர்கள் ஊற்றைப் பற்றிப் பேசினார்கள், லத்தீன்காரர்கள் ஆறு வரும் வழியையும் சேர்த்துப் பேசினார்கள். உவமை என்பதால் ஓரளவுக்குத்தான் போகும், இருந்தாலும் பிள்ளைகளுக்குப் புரிகிறது.

இதை நானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 7-ம் நூற்றாண்டிலேயே புனித மாக்சிமுஸ், மரீனுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், ரோமையர்கள் மகனை ஆவியின் காரணமாக்கவில்லை, மகன் வழியாக ஆவி வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். தன் கருத்தை அயல்மொழியில் சொந்த மொழியைப் போல நுட்பமாகச் சொல்ல முடியாது என்றும் அதே கடிதத்தில் வருத்தப்பட்டிருக்கிறார். கீழைச் சபையின் மிகப் பெரிய இறையியலாளர்களில் ஒருவர் 1054-க்கு 400 வருஷம் முன்பே மேற்குக்காக வாதாடியிருக்கிறார் என்பதை உங்கள் கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

அப்படியென்றால் ஏன் தீரவில்லை? என்னைக் கேட்டால், சொல்லின் பொருளை விட அதைச் சேர்த்த விதம்தான் பெரிய காயம். எல்லாரும் சேர்ந்து எழுதிய அறிக்கையில் ஒரு பக்கத்தார் மட்டும், மற்றவர்களைக் கேட்காமல், கை வைக்கலாமா? இந்தக் கேள்வியை ரோமும் உணர்ந்தே இருந்தது. 809-ல் பிராங்கியரின் பேரரசர் சார்லமேன் ஆஹன் நகரில் ஒரு சங்கத்தைக் கூட்டி ஃபிலியோக்வேயை ஆதரிக்க வைத்துவிட்டு, திருத்தந்தை (போப்) மூன்றாம் லியோவிடம் தூதர்களை அனுப்பினார். லியோ அந்தப் போதனை சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அறிக்கையில் சேர்க்க மாட்டேன் என்று உறுதியாக மறுத்துவிட்டார். மறுத்ததோடு நிற்கவில்லை. பழைய அறிக்கையை, அந்தச் சொல் இல்லாமல், இரண்டு வெள்ளித் தகடுகளில் பொறிக்கச் செய்தார், ஒன்று கிரேக்கத்தில், ஒன்று லத்தீனில். ரோமில் பேதுருவின் கல்லறைக்கு வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக மாட்டி வைத்தார். தான் நம்புகிற ஒன்றைக்கூடப் பொது அறிக்கையில் தன்னிஷ்டத்துக்குச் சேர்க்கக் கூடாது என்று ஒரு திருத்தந்தையே வெள்ளியில் எழுதி வைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

அந்தக் கட்டுப்பாடு இன்னும் 200 வருஷம் தாங்கியது. இடையில் பல்கேரியாவில் ரோமா கான்ஸ்டான்டினோபிளா யார் மறைபரப்புவது என்ற போட்டியில், 867-ல் கான்ஸ்டான்டினோபிள் சபையின் தலைவரான முதுபெரும் தந்தை போத்தியுஸ் கிழக்கின் ஆயர்களுக்கு எழுதி இந்தச் சொல்லைக் கண்டித்தார். 879-ல் தொடங்கிய கான்ஸ்டான்டினோபிள் சங்கம், ரோமின் தூதர்களும் உட்கார்ந்திருக்க, அறிக்கையில் எதையும் கூட்டவும் குறைக்கவும் கூடாது என்று உறுதி செய்தது. கடைசியில் 1014-ல் இரண்டாம் ஹென்றி பேரரசராக முடிசூட ரோமுக்கு வந்தபோது, தன் நாட்டு வழக்கப்படி திருப்பலியில் அறிக்கையைப் பாட வேண்டும் என்று கேட்க, திருத்தந்தை எட்டாம் பெனடிக்ட் சம்மதித்துவிட்டார். பேதுரு கல்லறைப் பக்கத்தில் லியோ மாட்டிய தகடு என்ன சொன்னதோ, அதற்கு எதிராகவே ரோமில் பாடினார்கள்.

சரி, ரொட்டிக்கு வருவோம். "ஒரு ரொட்டித் துண்டு" என்று ஒதுக்கியதுதான் எனக்கு அதிக வருத்தம். நம் கோவிலில் நாக்கில் வைத்ததும் கரைகிற, காகிதம் போல மெல்லிய வெள்ளை அப்பம் புளிக்காத மாவில் செய்தது. கிரேக்கக் கோவிலில் நன்றாகப் புளித்து உப்பிய கனத்த ரொட்டி, மேலே "இயேசு கிறிஸ்து வெல்கிறார்" என்று பொருள்படும் கிரேக்க எழுத்து முத்திரை, அதிலிருந்து நடுத்துண்டை வெட்டி எடுப்பார்கள். லத்தீன்காரர்கள் சொன்னார்கள்: இயேசு சீடர்களோடு கடைசியாக உண்ட இறுதி இராவுணவு யூதர்களின் பாஸ்கா விருந்து, அன்று யூதர் வீட்டில் புளித்த மாவே இருக்காது, ஆகவே புளிக்காத அப்பம்தான் சரி. கிரேக்கர்கள் யோவான் நற்செய்தியைக் காட்டினார்கள், அதன்படி பாஸ்காவுக்கு முன்பே அந்த உணவு நடந்துவிட்டது, தவிரவும் புளிப்பு மாவுக்கு உயிர் மாதிரி, புளிக்காதது உயிரற்ற அப்பம், உயிர்த்தவரை அதில் எப்படிக் காட்டுவது என்றார்கள். இரண்டு பக்கமும் நற்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள், தான் வாங்கும் அப்பத்தில் ஆண்டவர் இருக்கிறார் என்று நம்புகிறவனுக்கு அந்த அப்பம் எப்படிப்பட்டது என்பது சின்ன விஷயமில்லை. 1053-ல் கிரேக்கத் தரப்பின் ஓஹ்ரித் பேராயர் லியோ இந்தப் புளிக்காத அப்பத்தைத் தாக்கித்தான் இத்தாலிக்குக் கடிதம் எழுதினார், அது திருத்தந்தையின் ஆளான கர்தினால் ஹம்பர்ட் கையில் சிக்கியது.

இப்போது உங்கள் கட்டுரையின் அந்த நாள். சனிக்கிழமை காலை, கான்ஸ்டான்டினோபிளின் பேராலயமான ஹகியா சோஃபியாவில் வழிபாடு தொடங்கும் நேரம். ஹம்பர்ட்டும் கூட வந்த இரண்டு தூதர்களும் உள்ளே போய்ப் பலிபீடத்தின் மேல் சபை விலக்கக் கடிதத்தை வைத்துவிட்டு, கால் தூசியை உதறிவிட்டு வெளியேறினார்கள். ஒரு துணைத் திருத்தொண்டர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, திரும்ப வாங்கிக்கொள்ளும்படி கேட்டார், அவர்கள் வாங்கவில்லை, கடிதம் தெருவில் விழுந்தது. அந்தக் கடிதம் முதுபெரும் தந்தை மிக்கேல் கெருலாரியுஸையும் அவரைப் பின்பற்றுவோரையும்தான் விலக்கியது. அந்த நகரத்தையும் பேரரசரையும் நல்ல கிறிஸ்தவர்கள் என்றே புகழ்ந்தது. கிரேக்கர்கள் அறிக்கையிலிருந்து ஃபிலியோக்வேயை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று வேறு குற்றம் சாட்டியது, உண்மை நேர் தலைகீழ். தூதர்களை அனுப்பிய திருத்தந்தை ஒன்பதாம் லியோ அதற்கு மூன்று மாதம் முன்பே, ஏப்ரல் 19 அன்று இறந்துவிட்டார். பதிலுக்கு கெருலாரியுஸ் கூட்டிய சங்கமும் கடிதத்தை எழுதியவர்களைத்தான் சபித்தது, ரோமைச் சபிக்கவில்லை. ஆக அன்று ஒரு சபை இன்னொரு சபையை விலக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில் அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தை பீட்டர் கெருலாரியுஸுக்கு எழுதிய பதிலை நான் அடிக்கடி நினைப்பேன். லத்தீன்காரர்கள் தாடி மழிக்கிறார்கள், அதைச் சாப்பிடுகிறார்கள், இதைச் சாப்பிடுகிறார்கள் என்று கெருலாரியுஸ் போட்ட நீண்ட பட்டியலைப் பார்த்துவிட்டு, இதில் பலவற்றைக் கண்டும் காணாமல் விடலாம், அறிக்கையில் சேர்த்த அந்தச் சொல்தான் பொறுக்க முடியாத தீங்கு, மற்றபடி அவர்களும் நம் சகோதரர்கள்தான் என்ற மாதிரி எழுதினார். அவர் பேச்சை அன்று யாராவது காதில் வாங்கியிருக்கலாம்.

இன்னொன்று. 1089-ல், அதாவது 35 வருஷம் கழித்து, திருத்தந்தை இரண்டாம் அர்பன் சமாதானம் பேச ஆள் அனுப்பியபோது, கிழக்கின் பேரரசர் அலெக்ஸியுஸ் தம் ஆயர்களைக் கூட்டி, ரோமை எந்தத் தீர்மானத்தின்படி விலக்கினோம் என்று கேட்டார். தேடிப் பார்த்தார்கள். அப்படி ஒரு ஆவணமே கிடைக்கவில்லை. "ஒரே நாளில் உடைந்தது" என்பதற்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா?

உண்மையில் உடைத்தது 1204. சிலுவைப் போருக்குக் கிளம்பிய படை கான்ஸ்டான்டினோபிளுக்குள் ஏப்ரலில் புகுந்து மூன்று நாள் கொள்ளையடித்தது. ஹகியா சோஃபியாவின் வெள்ளியை ஏற்றிச் செல்லக் கோவேறு கழுதைகளை உள்ளேயே ஓட்டி வந்ததையும், முதுபெரும் தந்தையின் இருக்கையில் ஒரு பெண்ணை உட்கார வைத்துப் பாட வைத்ததையும் அந்த நாள்களை நேரில் கண்ட நிக்கேட்டாஸ் கோனியாட்டேஸ் எழுதியிருக்கிறார். அதற்கு முன் 1182-ல் அதே நகரில் லத்தீன் மக்களைக் கிரேக்கக் கும்பல் கொன்று குவித்ததையும் மறைக்கக் கூடாது. ஆனால் 1204-க்குப் பிறகு சாதாரண கிரேக்க விவசாயிக்கும் லத்தீன் என்றால் எதிரி என்றாகிவிட்டது. அதற்கப்புறம் இறையியல் வாதம் எதுவும் வெறும் இறையியலாக இருக்கவில்லை.

இரண்டு சபைகளையும் மறுபடி ஒன்றாக்க 1438-39-ல் இத்தாலியின் ஃபெராராவிலும் ஃப்ளாரன்ஸிலும் நடந்த சங்கத்தைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் தாண்டியது. சுமார் 700 பேர் கிழக்கிலிருந்து கப்பலில் வந்தார்கள். இறந்தவர்கள் விண்ணகம் போகுமுன் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பது உண்மையான நெருப்பா இல்லையா என்பதில் தொடங்கினார்கள்; இறந்தவர்களுக்காக இரண்டு சபையும் ஜெபிக்கிறது, நெருப்பைத்தான் கிரேக்கர்கள் ஏற்கவில்லை. அப்புறம் ஃபிலியோக்வே. புனித பசிலியாரின் ஒரே நூலின் இரண்டு பிரதிகளில் ஒரு வரி வேறு வேறாக இருந்தது. எபேசு ஆயர் மாற்குவும் லத்தீன் தரப்பின் ஜான் மொண்டேநேரோவும் எது அசல், எது இடைச்செருகல் என்று நாள் கணக்கில் வாதிட்டார்கள். ஓலைச்சுவடிப் பாடபேதங்களைப் பற்றிப் படித்த தமிழருக்கு அந்தக் காட்சி கண்முன்னே நிற்கும். முடிவில் 1439 ஜூலை 6 அன்று ஒன்றிப்பு ஆணை வாசிக்கப்பட்டது. மாற்கு கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. நான் கத்தோலிக்கன்தான், ஆனாலும் துருக்கியர் வாசலில் நிற்கிறார்கள், படை வேண்டும், ஆகவே கையெழுத்துப் போடு என்ற நெருக்கடியிலும் மனசாட்சிக்கு ஒவ்வாததில் கையெழுத்திட மறுத்த மனிதரை மதிக்காமல் இருக்க முடியவில்லை. ஊர் திரும்பியதும் மக்கள் அந்த ஒன்றிப்பை ஏற்கவில்லை, 1453 மே 29 அன்று நகரமே விழுந்துவிட்டது.

இன்றைய நிலையையும் கட்டுரை விட்டுவிட்டது. 1965 டிசம்பர் 7 அன்று திருத்தந்தை ஆறாம் பவுலும் முதுபெரும் தந்தை அத்தனாகோராஸும் 1054-ன் சாபங்களை நினைவிலிருந்தே அகற்றுவதாக அறிவித்தார்கள். 1995-ல் வத்திக்கான் வெளியிட்ட விளக்கம், ஆவியின் மூல ஊற்று தந்தை ஒருவரே என்று ஒப்புக்கொண்டு, நான் மேலே சொன்ன இரண்டு சொற்களின் வித்தியாசத்தையும் எடுத்துச் சொல்கிறது. கிரேக்க மொழியில் அறிக்கையைச் சொல்லும்போது கத்தோலிக்கரும் அந்தச் சொல்லைச் சேர்ப்பதில்லை. ஆனாலும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்க இன்னும் வழி பிறக்கவில்லை.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் கோவில் ஒன்றின் படத்தைப் போட்டு "1054-ல் பிரிந்த சபை" என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வேறு குடும்பம், 451-ல் கூடிய கால்செதோன் சங்கத்தை ஏற்காத சபைகளின் வரிசையில் வருகிறவர்கள், 1054-க்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பெயரில் ஆர்த்தடாக்ஸ் என்று இருப்பதால் வந்த குழப்பம். அந்தப் பட விளக்கத்தையும் "ஒரே நாளில்" என்ற வரியையும் மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்திப் போட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் முழுவதையும் வெளியிட இடம் இல்லையென்றால் லியோவின் வெள்ளித் தகடு பற்றிய பத்தியை மட்டுமாவது போடுங்கள்.

அன்புடன்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியர்
திருநெல்வேலி மாவட்டம்