பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இலையுதிர் காலம் பிறந்ததும் குடியிருப்புப் பகுதிகளில் வழிகாட்டியோடு மரங்களைப் பார்த்தறியும், பெரியவர்களுக்கான இயற்கை நடை அறிவிப்புகள் வரத் தொடங்கும். முதல் நடைக்கு வந்தவர்களில் பலர் அடுத்ததற்கு வருவதில்லை என்று ஏற்பாட்டாளர்கள் புலம்புவதும் வழக்கம்தான். குறை மரங்களில் இல்லை, நடத்தும் முறையில் இருக்கிறது. இத்தகைய நடைகளை நடத்துபவர்கள் என்ற முறையில், புதிதாகத் தொடங்குவோருக்காகச் சிலவற்றை எழுதுகிறோம்.

தூரத்தில்தான் முதல் பிழை. ஒன்றரை மணி நேரத்துக்கு 1 கிலோமீட்டர் தாராளம். நிற்க ஆறேழு இடங்கள் போதும். ஆட்கள் 12 பேருக்கு மேல் போனால் வரிசை வாலாக நீண்டு, பின்னால் வருபவருக்கு ஒன்றும் காதில் விழாது. மரத்தை நெருங்கியதும் வழிகாட்டி நின்றுவிடக் கூடாது. பாதிக் கூட்டம் மரத்தைக் கடக்கும்வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தால், மரமும் பேச்சும் எல்லோருக்கும் நடுவில் அமையும். இந்தப் பருவத்தில் வெயில் சாய்ந்து அடிக்கும். அதை எதிர்கொண்டு நிற்க வேண்டியவர் வழிகாட்டி. கேட்பவர்களுக்கு வெயில் முதுகுப்புறம் இருக்கட்டும்.

பாதையை முந்தின நாள், அதே நேரத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். காற்றடித்த ஓர் இரவு போதும், குறித்து வைத்த சிவப்பு மரம் மொட்டையாகிவிடும். மாலை நடை என்றால் இன்னொரு கணக்கு உண்டு. பூமத்திய ரேகையிலிருந்து 45 பாகை தள்ளியுள்ள ஊர்களில், இப்பருவத்தின் தொடக்கத்தில் பகல் நாளுக்குச் சுமார் 3 நிமிடம் குறைகிறது. மூன்று வாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். அறிவிப்பு எழுதும் நாளின் வெளிச்சத்தை நம்பி நேரம் குறித்தால், நடையின் கடைசிப் பகுதி இருட்டில்தான்.

இனி முக்கியமானது. பெரியவர்கள் பெயர் கேட்டு வருகிறார்கள். ‘இது மேப்பிள்’ என்று சொன்ன மறுகணம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். உதிர்ந்த இலையை வைத்துத் தொடங்கவும் வேண்டாம், அது பக்கத்து மரத்திலிருந்து பறந்து வந்ததாக இருக்கலாம். மரத்தை அடையாளம் காட்டும் கைபேசிச் செயலிகள் சறுக்குவதும் அங்கேதான். கிளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மொட்டுகள் எதிரெதிராக இணை சேர்ந்து நிற்கின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி நிற்கின்றனவா? மேப்பிளிலும் ஹார்ஸ் செஸ்ட்நட்டிலும் எதிரெதிர். ஓக்கிலும் பிர்ச்சிலும் மாறி மாறி. மொட்டுக்குக் கீழே, இலை விட்டுப்போன தழும்பு இருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட்டில் அது குதிரை லாடம் போலவே, ஆணி அடித்த புள்ளிகளோடு தெரியும். அந்தப் புள்ளிகள் நீரும் உணவும் ஓடிய குழாய்களின் முனைகள். காம்பின் அடியில் மரம் ஒரு பிரிவுப் படலத்தை உருவாக்கி, காயத்தைத் தக்கை போன்ற அடுக்கால் மூடிய பிறகே இலை விழுகிறது. அடுத்த வசந்தத்துக்கான மொட்டு அதற்கு முன்பே தயார். ‘இலையுதிர் காலம்’ என்ற பெயர் பாதி உண்மைதான். மொட்டு கட்டி முடித்த காலம் என்றும் சொல்லலாம்.

நிறத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். மஞ்சளும் சிவப்பும் ஒரே வழியில் வருவதில்லை. மஞ்சள் நிறமி கோடையிலேயே இலையில் இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனினைப் பெரும்பாலான மரங்கள் இப்போதுதான் சர்க்கரையிலிருந்து புதிதாகச் செய்கின்றன. அதனால்தான் பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் வாய்த்த ஆண்டில் சிவப்பு தூக்கலாக இருக்கிறது. ஒரே மரத்தில் தெருவிளக்கை ஒட்டிய கிளை மட்டும் பச்சையாக நிற்பதைக் காட்டினால், விளக்கவே வேண்டாம், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மஞ்சள் இலையில் திட்டாக மிஞ்சிய பச்சையைத் தேடச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இலையின் இரு தோல்களுக்கு நடுவே குடைந்து வாழும் புழு சில சமயம் தெரியும். தன் உணவு வாடாமல் இருக்க அந்த இடத்தை மட்டும் பச்சையாக வைத்திருக்கிறது அது! இதற்கு 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வேண்டும். பலர் அதைத் தள்ளிப் பிடித்து ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். லென்ஸைக் கண்ணருகே வைத்து, இலையை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். இரண்டரை சென்டிமீட்டரில் தெளியும்.

காளான் விஷயத்தில் தயவு கூடாது. தொடுவதில் ஆபத்தில்லை; சாப்பிடலாமா என்ற கேள்விக்கு மட்டும் எப்போதும் ‘வேண்டாம்’. ஓக் மரத்தடியில் முளைக்கும் டெத் கேப் என்ற நச்சுக்காளான் சாதுவாகத்தான் தோன்றும், சமைத்தாலும் நஞ்சு போகாது. சாப்பிட்டவருக்குப் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி தொடங்கும். அதற்குள் நஞ்சு உடலில் ஏறியிருக்கும்.

ஈர இலைகள் வழுக்கும், சரிவான நடைபாதையைத் தவிருங்கள். புல் உயர்ந்த இடங்களில் உண்ணி இன்னும் இருக்கும். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளச் சொல்வது அழகாக இராது, ஆனால் பயன்படும்.

நகராட்சிகளிடம் ஒரே வேண்டுகோள்: பூங்காவுக்கு ஒரு மரத்தடியிலாவது உதிர்ந்த இலைகளைக் கூட்டாமல் விடுங்கள். அதுவரை ஏற்பாட்டாளர்கள் துப்புரவுப் பணியாளர்கள் வரும் கிழமையைக் கேட்டறிந்து, அதற்கு முந்தின நாளில் நடையை வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இயற்கை நடை வழிகாட்டிகள் சிலர்