60 டிகிரி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிறு நீ போனில் உங்கள் ரேஸ் வண்டிக்கு "60 டிகிரி அட்வான்ஸ்", அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் 60 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போதே பிளக்கில் பொறி, என்றதும், இன்ஜின் உடைந்துவிடும், தப்பாகச் சொல்கிறாய் என்று அதட்டிவிட்டேன். நாலு நாளாக அதே யோசனை. நீ சொன்னதுதான் சரி.

நான் இத்தனை வருஷமும் பார்த்தது புல்லட். பிளக் ஓட்டையில் கம்பி விட்டு பிஸ்டன் உச்சிக்கு வருவதைப் பார்ப்பேன். திறக்கும்போது பொறி விடுகிற பாயிண்டுக்கு நடுவில் சிகரெட் தாளைச் சொருகி, அது நழுவுகிற இடத்தில் டைமிங் வைப்பேன். கொஞ்சம் முந்தினாலும் கிக்கர் திருப்பி அடிக்கும். சித்தூர் கள்ளுக்கடைக்காரர் வண்டியை உதைத்து, கணுக்கால் வீங்கி ஒரு வாரம் படுத்திருந்தேனே, அப்போது உனக்கு ஏழு வயது. 60 என்றதும் அந்த வலிதான் நினைவுக்கு வந்தது.

பெட்ரோல் கணக்கை உங்கள் ரேஸ் எரிபொருளான நைட்ரோமீத்தேனுக்குப் போட்டதுதான் என் பிழை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். நைட்ரோ தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால் 1.7 கிலோ போதும். அதனால்தான் அத்தனை எரிபொருளை உள்ளே கொட்டுகிறீர்கள். ஆனால் அத்தனை கொட்டினால் மெதுவாகத்தான் எரியும், முன்னாலேயே பற்றவைக்க வேண்டும். மழைக்காலத்தில் அம்மா ஈர விறகை எவ்வளவு முன்னால் மூட்டுவாள்! அதே கதைதான். சிலிண்டருக்கு இரண்டு பிளக், பொறிக்கு மின்சாரம் தர இரண்டு மேக்னெட்டோ ஏன் என்பதும் இப்போது புரிகிறது.

பாதி ஓட்டத்திலேயே பிளக் முனை கரைந்து, அப்புறம் சூட்டிலேயே எரியும் என்றாயே, அதுகூட எனக்குப் பயமில்லை. ஒரு சிலிண்டர் பற்றாமல் போவதுதான் பயம். எரியாத நைட்ரோ உள்ளே தேங்கும். திரவம் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்தால் ஹெட்டையே பிய்த்துவிடும். இன்ஜினைச் சூடேற்றும்போது எட்டுப் புகைக்குழாயையும் பார்த்துக்கொண்டே நில் சாமி. ஒன்றில் தீ இல்லாமல் வெள்ளையாக வந்தால் உடனே சொல்லு, கையை எடுத்து விலகிவிடு. யார் என்ன நினைத்தாலும் சரி.

ஓட்டம் முடிந்ததும், பிஸ்டன் ராடு கிராங்கில் உட்காரும் இடத்து ராடு பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பது உன் வேலை என்றாயே. தூக்கிப் போடுவதில் ஒரு ஜோடி எடுத்துவை. அட்வான்ஸ் கூடினால் மேல் பாதி எப்படி நசுங்குகிறது என்று என் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஓணத்துக்கு வரும்போது கொண்டு வா.

அப்பா