வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்கும் கோளாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த, வீட்டிலேயே பிரெட் செய்யும் குறிப்பைப் படித்தேன். மூன்று கப் மைதா, 7 கிராம் ஈஸ்ட், ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்றரை மணி நேரம் மூடி வைக்கவும் என்று இருந்தது. யூடியூபில் சுற்றி வருகிற குறிப்புகளும் ஏறக்குறைய இதேதான். 18, 20 டிகிரி குளிரில் இருக்கிற சமையலறைக்கு இது சரியான கணக்கு. மே மாதத்து மதுரைக்கும் வேலூருக்கும் இது ஒத்துவராது. அப்படியே பின்பற்றுகிறவர்களுக்குப் புளித்த வாடையும் நடுவில் குழியுமாக ஒரு கட்டி கிடைக்கிறது. கை வரவில்லை என்று முதல் முறையோடு விட்டுவிடுகிறார்கள். இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது அளவை கிராமில் தாருங்கள். எத்தனை நிமிடம் என்பதோடு மாவு எந்தப் பதத்துக்கு வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற கணக்கைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் சூடு. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும், வாசனையும் நன்றாக வரும். இதற்கு பேக்கரிகளில் ஒரு கணக்குப் போடுவார்கள். 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து மாவின் சூடு, அறையின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் தண்ணீரின் சூடு. கோடையில் அறை 33, மைதா 33, கையால் பிசைவதற்கு ஒரு 3 என்று வைத்தால் மீதி 9. அதாவது ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர்! அந்த இடத்தில் 40 டிகிரி வெந்நீர் ஊற்றினால் மாவு தொடக்கத்திலேயே 35ஐத் தாண்டிவிடும். அக்னி நட்சத்திரத்தில் இட்லி மாவு பாத்திரத்தை விட்டு வழிவது போலத்தான் இதுவும். ஒன்றரை மணி நேரம் வைத்தால் ஈஸ்ட் எல்லாச் சர்க்கரையையும் தின்று தீர்த்துவிடும். டிசம்பரில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் இதே கணக்கைப் போட்டால் 40, 45 என்று வரும். அங்கே வெந்நீர் சரி.

ஒரு நடுத்தர பிரெட்டுக்கு: மைதா 400 கிராம், தண்ணீர் 250 மில்லி, உப்பு 8 கிராம், சர்க்கரை 15 கிராம், வெண்ணெய் அல்லது எண்ணெய் 20 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். குளிர்ப் பகுதியானால் ஈஸ்ட் 5 கிராம் வரை போகலாம். இந்த அளவுக்கு எட்டரைக்கு நாலரை அங்குல டின் போதும். கப் அளவு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. மாவைச் சலித்துத் தூவி நிரப்பினால் ஒரு கப் 120 கிராம். டப்பாவில் அமுக்கி அள்ளினால் 150. மூன்று கப்பில் இந்த வித்தியாசம் 90 கிராமாகிவிடும். ஒருவருக்குக் கூழாகவும் இன்னொருவருக்குக் கல்லாகவும் வருவது அதனால்தான். ஓவன் வாங்குவதற்கு முன் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குவது நல்லது.

ஈஸ்ட் பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்டை மாவிலேயே நேரடியாகக் கலந்துவிடலாம். ஆக்டிவ் டிரை ஈஸ்ட் பெரிய மணியாக இருக்கும். அதை மட்டும் 35 முதல் 40 டிகிரி சூடுள்ள கொஞ்சம் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். கோடையானால் அந்த நீரைக் கால் கப்போடு நிறுத்திக்கொண்டு, மீதித் தண்ணீரைக் குளிர்ச்சியாக ஊற்றலாம். கை பொறுக்காத சூட்டில் போட்டால் செத்துவிடும். பேக்கிங் பவுடரும் சோடா உப்பும் ஈஸ்டுக்கு மாற்று ஆகாது, அவை வேறு வகை. பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சமையலறை அலமாரியில், அதுவும் கடலோர ஊர்களில், சீக்கிரமே வீரியம் போய்விடும். சந்தேகமாக இருந்தால் கால் கப் வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் ஈஸ்டும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரை கட்டாவிட்டால் குப்பையில் போடலாம்.

மைதாவில் பிரெட்டுக்கு முக்கியம் புரதம். பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். 10 பரவாயில்லை, 11க்கு மேல் இருந்தால் நல்லது. சப்பாத்தி ஆட்டாவில் புரதம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் மாவுக்கு இழுவை தருகிற கோதுமைப் புரதமான குளூட்டனின் இழைகளைத் தவிடு அறுக்கும். சக்கியில் (திருகைக் கல்லில்) அரைபடும்போது மாவுச்சத்தும் சிதைவதால் தண்ணீரை அதிகம் குடிக்கும். ஆகவே முழுக் கோதுமை பிரெட் முதல் பாடமாக வேண்டாம். மைதாவில் கை பழகிய பிறகு பாதிக்குப் பாதி கலந்து, தண்ணீரை 280 மில்லிக்கு ஏற்றிப் பாருங்கள். கேழ்வரகு, கம்பு பிரெட் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். சிறுதானியத்தில் குளூட்டன் கிடையாது. 400 கிராமில் 40, 50 கிராமுக்கு மேல் சேர்த்தால் உப்பாது, கனமாகத்தான் வரும். கடையில் "ராகி பிரெட்" வாங்குகிறவர்கள் உறையில் முதல் பொருளாக என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பார்க்கட்டும்.

பிசைவது எப்படி? மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து 20 நிமிடம் மூடி வையுங்கள். மாவு தானாகவே நீரை இழுத்துக்கொண்டு பாதி வேலையை முடித்துவிடும். ஆக்டிவ் டிரை ஈஸ்டானால் ஊறவைத்த நீரில் கரைந்திருக்கும், அதையும் அப்போதே ஊற்றிவிடலாம். பிறகு உப்பு, சர்க்கரை, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சேர்த்து 10, 12 நிமிடம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பிப் பிசையுங்கள். வெண்ணெய் கடைசியில், முதலிலேயே போட்டால் குளூட்டன் கட்டுவது தாமதமாகும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இங்கேதான் பெரும்பாலானோர் பிசகுகிறார்கள்: ஒட்டுகிறதே என்று பிடிபிடியாக மைதாவைத் தூவுவார்கள். 250 மில்லி தண்ணீருக்கு 400 கிராம் என்பது அதோடு 460 ஆகிவிடும், மறுநாளே பிரெட் உதிரும். கையில் துளி எண்ணெய் தொட்டுக்கொண்டு தொடர்ந்து பிசைந்தால் ஏழெட்டு நிமிடத்தில் ஒட்டுவது குறையும். பதம் பார்க்க, நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து விரல்களால் மெல்ல நாலாபக்கமும் இழுங்கள். கிழியாமல் சவ்வு போல் விரிந்து வெளிச்சம் தெரிந்தால் போதும். சட்டென்று கிழிந்தால் இன்னும் பிசைய வேண்டும். தண்ணீருக்குப் பதில் பால் சேர்ப்பவர்கள் காய்ச்சி ஆறிய பாலையே சேர்க்கவும். காய்ச்சாத பாலின் புரதம் மாவைத் தளர்த்திவிடும். நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் வைப்பதில்லை என்பதால் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடுகிறது.

மாவை நேர்ச்சுவருள்ள டப்பாவில் போட்டு, வெளியே ரப்பர் பேண்டால் மட்டத்தைக் குறித்து மூடி வையுங்கள். இரு மடங்காக வேண்டும். 33 டிகிரி அறையில் 50 நிமிடத்திலேயே வந்துவிடலாம். ஊட்டியில் இரண்டு மணி நேரமும் பிடிக்கும். நேரத்தை நம்பாதீர்கள், குறியைப் பாருங்கள். பொங்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டப்பாவோடு ஃபிரிட்ஜில் தள்ளி, கதவைத் திறக்காமல் இருந்தால் சரி. இரவு பிசைந்து காலையில் சுட நினைப்பவர்கள் ஈஸ்டை 2 கிராமாகக் குறைத்து, பிசைந்த உடனே ஃபிரிட்ஜில் வைக்கலாம். மாவு குளிர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை அது பொங்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் வெளியே தனியாக வைக்கத் தேவையில்லை.

பொங்கிய மாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, டின்னின் நீளத்துக்குச் சதுரமாகத் தட்டி, பாய் சுருட்டுவது மாதிரி இறுக்கிச் சுருட்டி, மடிப்பு விளிம்பைக் கிள்ளி ஒட்டி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். தளர்வாகச் சுருட்டினால் உள்ளே பொந்து விழும். இரண்டாம் முறை பொங்கி, நடுமேடு டின் விளிம்புக்கு ஓர் அங்குலம் மேலே வரும்போது, மாவு தொட்ட விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே நிமிர்ந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாக, பாதியளவு நிமிர்ந்தால் அதுதான் சமயம். நிமிரவே இல்லை என்றால் தாமதமாகிவிட்டது. எடுத்து மறுபடி சுருட்டி, கொஞ்ச நேரம் விட்டால் ஓரளவு காப்பாற்றலாம். அவசரப்பட்டுச் சுட்டது பக்கவாட்டில் வெடிக்கும், அடியில் மாவாக அடைந்திருக்கும். தாமதித்துச் சுட்டது ஓவனில் ஏறாமல் குழிவிழும். சர்க்கரை தீர்ந்துவிட்டதால் மேல்தோல் எவ்வளவு நேரம் வைத்தாலும் வெளிறியே இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் அடுத்த முறை எதை மாற்றுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் ஓவனில் மேல், கீழ் இரண்டு கம்பிகளையும் போட்டு 200 டிகிரிக்கு 20 நிமிடம் காயவிடுங்கள். இந்தச் சின்ன ஓவன்களின் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கிற சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஒரு ஓவன் தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டால் உண்மை தெரியும். டின்னைக் கீழ்த்தட்டில் வைத்து, 190இல் 30 முதல் 35 நிமிடம். மேல்கம்பி நெருக்கம் என்பதால் 20 நிமிடத்திலேயே மேற்புறம் சிவந்துவிடும். அப்போது அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். நிறத்தைப் பார்த்து வெளியே எடுத்தால் நடுப்பகுதி வேகாமல் இருக்கும். நடுவில் 93 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும், அல்லது டின்னிலிருந்து கவிழ்த்து அடியைத் தட்டினால் வெற்றுக்கூடு போல ஒலிக்க வேண்டும். மைக்ரோவேவ் மட்டும் உள்ளவர்கள் கன்வெக்‌ஷன் (சூடான காற்றைச் சுழற்றிச் சுடும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதில் பிரெட் வராது. குக்கரில் உப்புக் கொட்டிச் சுடும் முறை பரவலாக இருக்கிறது. கேக்குக்கு அது போதும். பிரெட்டின் மேற்புறம் சிவக்காது. தண்ணீரில்லாமல் காய்ச்சினால் குக்கரும் பாழாகும்.

சுட்டதும் டின்னிலேயே விடாதீர்கள், அடி நீர்கோத்துப் போகும். கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறட்டும். உள்ளே மாவுச்சத்து இறுகுவது அப்போதுதான். சூட்டோடு வெட்டினால் கத்தியில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். நன்றாக வெந்ததையே வேகவில்லை என்று நினைத்து வருத்தப்படுவார்கள்.

பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்கும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. 0 முதல் 5 டிகிரியில்தான் பிரெட் மிக வேகமாக விறைக்கும். இரண்டு நாளுக்கு வேண்டியதை வெளியே மூடி வைத்துவிட்டு, மீதியைத் துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் சூடாக்குங்கள்.

மழைக்காலத்தில் பூஞ்சணம் வருவது எல்லோருக்கும் தெரியும். கோடையில் வருகிற வேறொரு கேட்டைப் பலரும் அறிய மாட்டார்கள். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். பிய்த்தால் உள்ளே பிசுபிசுவென்று நூல் நூலாக இழுபடும், அழுகிய பலாப்பழ வாடை வரும். மாவில் இருக்கிற பாசிலஸ் வகைக் கிருமிகளின் வித்து ஓவன் சூட்டிலும் சாகாமல் பிழைத்து, சூடும் ஈரமும் கிடைத்ததும் பெருகுவதால் வருவது இது. கடை பிரெட்டில் கால்சியம் புரோபியோனேட் சேர்ப்பது இதையும் பூஞ்சணத்தையும் தடுக்கத்தான். 2016இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கிய பொட்டாசியம் புரோமேட் வேறு. அது மாவை உப்ப வைப்பதற்குச் சேர்த்தது. இரண்டையும் போட்டுக் குழப்பி "கடை பிரெட் எல்லாம் விஷம்" என்று பரப்புவது சரியில்லை. வீட்டில் செய்பவர்கள் கோடை மாதங்களில் 400 கிராம் மாவுக்கு ஒரு டீஸ்பூன் வினிகரைத் தண்ணீரோடு சேர்த்துக்கொண்டால் போதும், சுவை மாறாது. ஒருமுறை நூல் விட்டுவிட்டால் மீதியைச் சாப்பிட வேண்டாம், எறிந்துவிடுங்கள். டின், பலகை, கத்தி எல்லாவற்றையும் கழுவி, வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவைத்த பிறகே அடுத்த மாவைப் பிசையுங்கள்.

இப்படிக்கு,
பேக்கரித் தொழில் பயிற்றுநர் ஒருவர்,
மதுரை.