மெழுகு முகம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராயபுரம், வண்ணாரப்பேட்டை வட்டாரத்தில் நினைவஞ்சலிப் படங்களை ஃபோட்டோஷாப்பில் ஓவியமாக்குவோர் கவனத்துக்கு: முகம் மெழுகுபோல் ஆவதற்கு நிறத்தை இழுத்துத் தேய்க்கும் ஸ்மட்ஜ் கருவியால் தோலை வழித்துவிடுவதே காரணம். மயிர்த்துளையும் சுருக்கமும் போனால் வீட்டாருக்கே ஆள் அடையாளம் தெரியாது, வேதனையாக இருக்கிறது.

ஏ4 அளவுக்கு 2480 × 3508 பிக்சல் வையுங்கள். ஓரம் சற்றுக் கெட்டியான பிரஷ், 20–30 சதவீத ஒபாசிட்டி (நிறத்தின் அடர்த்தி), அடுக்கடுக்காகத் தீட்டுங்கள். நிழலில் கறுப்பு கலந்தால் தோல் சாம்பல் பூக்கும், செம்பழுப்பே சரி. பிறகு 50 சதவீதச் சாம்பல் லேயரை (மேலடுக்கை) ஓவர்லே என்ற கலப்பு முறையில் வைத்து, 3 சதவீத நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்து, அரை பிக்சல் மங்கலாக்குங்கள். தோலில் உயிர் வரும். தலைமுடிக்கு முதலில் திரள், கடைசியில்தான் இழை.

– டிஜிட்டல் ஓவியர்கள், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21