கைமாறிய ஹோஸ்டிங்

அன்புள்ள சேகர்,

உன் மெயில் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல். சீரியல் பார்க்கிற அவசரத்தில் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். உன் வெப்சைட்டுகளைத் தன் சர்வரில் வைத்து நடத்தித் தரும் ஹோஸ்டிங் கம்பெனி, ஆறு வருஷமாக நீ நம்பியிருந்தது, அதை உனக்கு ஆகவே ஆகாதவன் வாங்கிவிட்டான். 'பெரிய குடும்பத்தில் இணைகிறோம்' என்று மெயில் வேறு. இந்தக் 'குடும்பம்' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மூன்றாம் வருஷ மெஸ் ஞாபகம் இருக்கிறதா? சாப்பிடாத நாளுக்கும் நோட்டில் கோடு போடுகிறார்கள் என்று சண்டை போட்டு அக்கா மெஸ்ஸுக்கு மாறினோம். ஆறே மாதத்தில் அந்தப் பழைய மெஸ்காரரே அக்கா மெஸ்ஸையும் எடுத்துக்கொண்டார். அதே அக்கா, அதே ரசம். ஆனால் அன்றிலிருந்து நீ நோட்டைப் புரட்டிப் பார்க்காமல் ஒரு வாய் வைத்ததில்லை.

2013 அக்டோபரில் மீடியா டெம்பிள் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கும் இதுதான் நடந்தது. 1998-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய கம்பெனி. டிசைனர்களும் வெப் டெவலப்பர்களும் கொண்டாடிய இடம். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் சப்போர்ட்டுக்குப் போன் போட்டால் விஷயம் தெரிந்த ஆள் எடுப்பார் என்று பெயர். ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் வாடிக்கையாளர்கள். அதை, டொமைன் என்கிற வெப்சைட் பெயர்களை விற்கும் கோடாடி வாங்கியது.

கோடாடி மேல் அந்தக் கூட்டத்துக்கு ஏன் அவ்வளவு வெறுப்பு என்கிறாயா? ஒன்றா இரண்டா! அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே பெண்களைக் காட்சிப் பொருளாக்கி வருஷா வருஷம் விளம்பரம். 2011 மார்ச்சில் நிறுவனர் பாப் பார்சன்ஸ் ஜிம்பாப்வேயில் யானையைச் சுட்ட வீடியோ. அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்காவின் சோப்பா சட்ட மசோதா. திருட்டுப் படைப்புகளைத் தடுக்கிறோம் என்ற பெயரில் இணையத்தின் கழுத்தையே நெரிக்கும் என்று பலரும் எதிர்த்த மசோதா அது. டொமைன் விற்றுப் பிழைக்கும் கோடாடியே அதற்கு ஆதரவாகக் கை தூக்கியது. ஆட்கள் டொமைன்களை மூட்டை கட்ட ஆரம்பித்ததும் 23-ம் தேதி ஆதரவை வாபஸ் வாங்கினார்கள். ஆனாலும் விக்கிபீடியாவின் டொமைன்களை அங்கிருந்து எடுக்கப் போவதாக அதன் இணை நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் அறிவித்தார். 29-ம் தேதியை டொமைன் மாற்றும் நாளாகவே வைத்துக் காலி செய்தார்கள்.

அப்படி வேண்டாம் என்று தள்ளி வைத்திருந்தவனிடமே தங்கள் பில் போய்ச் சேர்ந்தால்? 'இவனுக்கு என் காசு போகக் கூடாது' என்றுதான் பலர் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மீடியா டெம்பிள் தனியாகவே இயங்கும், எதுவும் மாறாது என்று சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் சர்வர் ஒன்றும் நின்றுவிடவில்லை. ஆனால் கோபம் சர்வர் மேல் இல்லையே. கேட்காமலே நம்மைக் கைமாற்றிவிட்டான் என்பதுதான் உறுத்தல். அது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கோடாடி பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் வந்த புது சி.இ.ஓ. பிளேக் இர்விங், பழைய விளம்பர பாணியைக் கைவிட்டார். மீடியா டெம்பிள் என்ற பெயரும் சட்டென்று போய்விடவில்லை. பத்து வருஷம் ஓடி, 2023-ல்தான் கோடாடியோடு கரைந்தது. முதல் வாரமே அடித்துப் பிடித்து ஓடியவர்கள் கொஞ்சம் நிதானித்திருக்கலாம்.

எனக்கு அதைவிடப் பயம், போர்டை மாற்றாமல் சமையலறையை மட்டும் ஒன்றாக்குகிறவர்களிடம்தான். எண்டூரன்ஸ் என்ற கம்பெனி புளூஹோஸ்ட் என்ற ஹோஸ்டிங் கம்பெனியை வாங்கியது, 2012-ல் அதே தொழில் செய்த ஹோஸ்ட்கேட்டரை வாங்கியது. 2014-ல் டொமைனும் ஹோஸ்டிங்கும் விற்ற நம் மும்பை பிக்ராக்கும் அங்கேதான் போனது. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டாவில் அவர்களுடைய டேட்டா சென்டர் ஒன்று படுத்தபோது புளூஹோஸ்டும் ஹோஸ்ட்கேட்டரும் சேர்ந்தே படுத்தன. இது போனால் அது இருக்கிறது என்று இரண்டிலும் கணக்கு வைத்திருந்தவன் கதியை நினைத்துப் பார்.

கோபத்தில் ஓடி நான் பட்டதையும் கேள். பெயர் வேண்டாம், ஒரு ஹோஸ்ட் கைமாறிய அன்றைக்கே, இரவு இரண்டு மணிக்கு, ஒரு கோயில் தளத்தை வேறிடத்துக்குத் தூக்கினேன். டேட்டாபேஸை எடுக்கும்போது, தமிழ் எழுத்துகள் சிதையாமல் இருக்க வேண்டிய யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில்தான் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. காலையில் திறந்தால் பிரதோஷம், அபிஷேக நேரம், கட்டளைதாரர் பெயர் எல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறி. தர்மகர்த்தா போன் செய்து, "என்ன தம்பி, சாமியே நம்மளைக் கேள்வி கேக்குறாரா?" என்றார். பழைய கணக்கை நான் மூடாமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

அதனால் நீ இன்றைக்கே மாறாதே. முதலில் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார், அதை வேறு ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைன் பதிவு செய்து தரும் வேறு கம்பெனியிடம், தனியாக வை. ஹோஸ்டிங் கணக்கில் தானாகவே பணம் எடுத்துப் புதுப்பிக்கும் ஆட்டோ ரென்யூவலை எடுத்துவிடு, ஆனால் கடைசித் தேதியை ஒரு பேப்பரில் எழுதி மானிட்டரில் ஒட்டு. முழு பேக்கப் எடுத்து உன் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார். அப்புறம் ஏதாவது ஒரு சின்னத் தளத்தை மட்டும் மாற்று. துணிக்கடைக்காரர் தளத்தைத் தீபாவளி முடிகிறவரை தொடவே தொடாதே.

சனிக்கிழமை ராத்திரி நான் சும்மாதான் இருப்பேன். டேட்டாபேஸில் கை வைக்கும் முன் ஒரு போன் போடு.

அன்புடன்,
மணி