‘நானோ’ என்று சொல்ல எது அளவுகோல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நானோ பொருட்கள் பற்றிய செய்திகளில் ‘1 முதல் 100 நானோமீட்டர் வரை’ என்ற ஒரு வரியோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர், அதில் குழப்பமில்லை. எதை, எப்படி எண்ணுவது என்பதில்தான் சிக்கல்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் பரிந்துரைத்து, 2022-ல் திருத்திய வரையறை எடையைப் பார்ப்பதில்லை, எண்ணிக்கையைப் பார்க்கிறது. துகள்களில் பாதியோ அதற்கு மேலோ இந்த வரம்புக்குள் இருந்தால் அது நானோ பொருள். 150 நானோமீட்டர் துகள் ஒன்றின் எடைக்கு 15 நானோமீட்டர் துகள்கள் ஆயிரம் தேவை. இரண்டையும் சம எடையில் கலந்தால், எடைக் கணக்கில் பாதிதான் நானோ; எண்ணிக்கைக் கணக்கிலோ 99.9 சதவீதம்! மிட்டாய்க்கும் மாத்திரைப் பூச்சுக்கும் வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு விவாதத்திலும் இது முக்கியமானது. அதன் துகள்களில் எண்ணிக்கைப்படி அதிகபட்சம் பாதி வரை 100 நானோமீட்டருக்குக் கீழே இருக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் கணித்தது. மரபணுவைப் பாதிக்கும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை என்பதால் மறு ஆண்டே உணவில் அங்கு தடை வந்தது.

அளக்கும் கருவியும் ஏமாற்றும். ஆய்வகங்களில் சுலபமாகக் கிடைக்கும் டி.எல்.எஸ். (டைனமிக் லைட் ஸ்கேட்டரிங்) கருவி, திரவத்தில் மிதக்கும் துகள்கள் சிதறடிக்கும் லேசர் ஒளியைக் கொண்டு அளவைக் கணக்கிடுகிறது. இந்தச் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். மேலே சொன்ன கலவையில் அந்த ஒரு பெரிய துகள், சிறிய துகள் ஒவ்வொன்றையும்விட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். ஆயிரம் சிறுசுகளும் அறிக்கையில் காணாமல் போகும். மாதிரியில் தூசி இருந்தாலும், உப்பு கலந்து துகள்கள் ஒட்டிக்கொண்டாலும் இதே கதிதான். மாதிரியை நீர்க்கச் செய்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் ஒலி அதிர்வால் கொத்துகளைக் கலைத்து, உடனே அளந்தாலும் கருவி காட்டுவது துகளோடு ஒட்டி நகரும் நீர்ப்படலத்தையும் சேர்த்த விட்டம்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் துகளை நேரில் பார்க்கலாம், ஆனால் சில நூறு துகள்களையாவது எண்ண வேண்டும். மாதிரி உலரும்போதே துகள்கள் குவிந்துவிடுவதால், எது தனித் துகள், எது கொத்து என்று பிரிக்கப் பழகிய கண் வேண்டும். கொத்தாக இருந்தாலும் உள்ளிருக்கும் ஒவ்வொரு துகளையும் தனியாக எண்ணச் சொல்கிறது ஐரோப்பிய வரையறை.

அளவு மட்டும் தொழில்நுட்பம் ஆகிவிடாது. வாகனப் புகையிலும் நானோ துகள்கள் உண்டு. அந்த அளவில் மட்டும் வெளிப்படும் குணத்தை வேண்டுமென்றே வரவழைத்துப் பயன்படுத்தினால்தான் அது தொழில்நுட்பம். 20 நானோமீட்டர் தங்கத் துகள்கள் நீரில் சிவப்பாகத் தெரிவதை நோய்ப் பரிசோதனைப் பட்டையின் கோடாக மாற்றியது போல. இன்னொன்று: ‘3 நானோமீட்டர் சிப்’ என்பது சிப் தயாரிப்பின் தலைமுறைப் பெயர், அளவு அல்ல. அதற்குள் டிரான்சிஸ்டர் கேட்டுகளின் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பகுதிகளின்) இடைவெளியே பல பத்து நானோமீட்டர்.

ஆகவே ‘நானோ’ என்று விற்கப்படும் எந்தப் பொருளைப் பற்றி எழுதினாலும் துகள் அளவு, எண்ணிக்கையா எடையா, எந்தக் கருவியில் அளந்தது ஆகிய மூன்றையும் தயாரிப்பாளரிடம் கேட்டு வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பொருள் அறிவியல் ஆய்வக ஊழியர்கள், கோவை