ஹேர்மிஸுக்கு ஒட்சிசன் சிலிண்டரோடு யாரும் இறங்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் சுழியோடிகள் ஒட்சிசன் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு 53 மீற்றருக்கு இறங்குகிறார்கள் என்ற வரியைப் பார்த்ததும் குடித்துக்கொண்டிருந்த தேநீர் புரையேறிவிட்டது. தனி ஒட்சிசனோடு அந்த ஆழத்துக்குப் போனால் வலிப்பு வந்து, வாயில் இருப்பது கழன்று, ஆள் அங்கேயே முடிந்துவிடுவார். தனி ஒட்சிசனை நாங்கள் மேலே வரும்போது, உடம்பில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக 6 மீற்றரில் காத்திருக்கிற நேரத்தில்தான் எடுப்போம், அதற்குக் கீழே தொடுவதே இல்லை. சாதாரணச் சிலிண்டரில் இருப்பது நீங்களும் நானும் சுவாசிக்கிற காற்றுத்தான், அமுக்கி அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் திருத்தத்தோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கட்டுரையைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று தம்பிமார் போன் எடுத்து, "அண்ணன், நாங்களும் கேஸ் கலக்கிற மெஷின் போடப்போறம், எதை வாங்கிறது?" என்று கேட்டார்கள். அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது.

ஏன் கலக்க வேண்டும்? 53 மீற்றரில் அமுக்கம் மேலே இருப்பதைப்போல 6.3 மடங்கு. வெறும் காற்றை எடுத்துக்கொண்டு போனால் ஒட்சிசன் ஒன்றும் செய்யாது, நைதரசன்தான் கள்ளுக் குடித்தவன் மாதிரி ஆக்கிவிடும். நானே ஆரம்பத்தில் அப்படிப் போய், கப்பலின் பீரங்கியைத் தொட்டுப் பார்த்தேன் என்று வள்ளத்தில் ஏறிப் பெருமை அடித்தேன். கூட வந்தவர், "நீ அந்தப் பக்கமே வரவில்லையே" என்றார். அதனால்தான் ஹீலியம் சேர்க்கிறோம். 18 வீதம் ஒட்சிசன், 45 வீதம் ஹீலியம், மிச்சம் நைதரசன் என்று கலந்தால் ஹேர்மிஸின் அடியில் நின்றாலும் 25 மீற்றரில் நிற்கிற அளவுக்குத்தான் மயக்கம் இருக்கும்.

போன் எடுத்தவர்களில் ஒருவர் மெம்பிரேன் மெஷின் வாங்கப் போகிறாராம், ஏஜென்ட் அதுதான் பாதுகாப்பு என்று சொல்லியிருக்கிறார். பொய் இல்லை. அது காற்றிலிருந்து நைதரசனைப் பிரித்து வெளியே தள்ளி 40 வீதம் வரைக்கும் ஒட்சிசன் கூடிய காற்றைத் தரும், ஒட்சிசன் போத்தலைக் கையாளுகிற வேலையே இல்லை. பிரிட்டிஷ் சார்ஜன்ட் போல ஆழம் குறைந்த கப்பல்களுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற கடைக்கு அது நல்ல சாமான். ஆனால் ஹேர்மிஸுக்கு அதை வைத்து என்ன செய்வது? ஹீலியம் அதில் வராது, மேலே வரும்போது 21 மீற்றரில் மாற்றுகிற 50 வீத ஒட்சிசன் கலவையும் வராது. அது தருகிற 32 வீத ஒட்சிசன் காற்றை எடுத்துக்கொண்டு ஹேர்மிஸின் அடிக்கு இறங்கினால் ஒட்சிசனே விஷமாகிவிடும்.

ஆகவே பழைய முறைதான். வெறும் சிலிண்டரில் முதலில் 90 பார் (பார் என்பது அமுக்கத்தை அளக்கிற அலகு) ஹீலியம், அதன்மேல் பதினாறரை பார் ஒட்சிசன், பிறகு 200 பார் வரும் வரைக்கும் காற்று. கணக்கு இவ்வளவுதான், ஆனால் கணக்கு சரியாக வர வேண்டுமானால் அமுக்கமானி சரியாக இருக்க வேண்டும். 400 பார் வரை காட்டுகிற மானியில் ஒரு வீதப் பிழை என்றால் 4 பார். 50 வீதக் கலவையில் ஒட்சிசன் 4 பார் கூடினால் கடைசியில் 51.6 வீதம் ஆகிவிடும், 21 மீற்றரில் அது ஒட்சிசன் விஷமாகிற எல்லையில் போய் நிற்கும். நல்ல டிஜிற்றல் மானி ஒன்றுக்குக் காசு கொடுக்கத் தயங்குகிறவர்கள் கொம்பிரசருக்கு மட்டும் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள், எனக்கு விளங்குவதே இல்லை.

ஒட்சிசன் போகிற குழாயில் மெல்லத் திறக்கிற ஊசி வால்வு வேண்டும். கைப்பிடியைக் கால்வாசி திருப்பினால் டக் என்று திறக்கிற வால்வை அதில் போடவே கூடாது, ஒட்சிசன் ஒரே அடியாகப் பாய்ந்து அமுங்கிச் சூடாகி, உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் பற்றிக்கொள்ளும். இதனால்தான் சிலிண்டர், வால்வு, ஓரிங் என்கிற றப்பர் வளையம் எல்லாவற்றையும் ஒட்சிசனுக்கென்று கழுவுவதும், சாதாரண சிலிக்கோன் கிரீஸ் பூசாததும். மேலே நிரப்புகிற காற்றிலும் எண்ணெய் இருக்கக் கூடாது, அதற்குக் கொம்பிரசருக்குப் பிறகு இன்னொரு வடிகட்டி வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலுக்கும் ஈரத்துக்கும் வடிகட்டி சீக்கிரம் செத்துவிடும், புத்தகத்தில் போட்டிருக்கிற மணிக்கணக்கை நம்ப வேண்டாம். இன்னொன்று, பெற்றோல் எஞ்சினில் ஓடுகிற கொம்பிரசரின் காற்று இழுக்கிற குழாயைப் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே விட்டிருப்பதைக் கரையோரத்தில் இன்றைக்கும் பார்க்கிறேன். சங்குக்கும் கடலட்டைக்கும் முங்குகிற பிள்ளைகள் அந்தப் புகையைத்தானே சுவாசிக்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் முதலில் வாங்க வேண்டியது அனலைசர், அதாவது சிலிண்டரில் எந்த வாயு எத்தனை வீதம் என்று காட்டுகிற கருவி, ஹீலியத்தையும் காட்டுகிறதாக வாங்குங்கள். ஒருமுறை ஒரு கடையில் ஒட்சிசன் 32 வீதம் என்று ஸ்டிக்கர் ஒட்டித் தந்த சிலிண்டர் என் அனலைசரில் 38 காட்டியது. என்னுடையதுதான் பழுது என்று நினைத்து, வெளிக்காற்றில் வைத்து, காற்றில் இருக்கிற ஒட்சிசன் அளவான 20.9க்குத் திருத்தி மறுபடி பார்த்தேன், 38தான். கூட வந்தவரின் அனலைசரிலும் 38. அன்றைக்குப் போக இருந்த 33 மீற்றரில் அதைச் சுவாசித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சென்சர் பழசு தம்பி" என்றார். அந்தச் சென்சர் இரண்டு மூன்று வருடத்தில் செத்துப்போகும் சாமான், பாவித்தாலும் சும்மா வைத்திருந்தாலும் ஒன்றுதான். பெட்டியில் இருக்கும் திகதியைப் பார்த்து வாங்குங்கள்.

போத்தலில் மிஞ்சுகிற வாயுவை அமுக்கித் தள்ளுகிற பூஸ்டர் பம்ப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹீலியம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், போத்தலில் 60 பார் மிஞ்சிக் கிடக்கிறதைப் பார்க்க வயிறு எரியும், உண்மைதான். ஆனால் மூன்று நான்கு போத்தல்களை வரிசையாக வைத்து, அமுக்கம் குறைந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்தால் பெரும்பகுதியை எடுத்துவிடலாம்.

கடைசியாக, கட்டுரையோடு போட்ட படம். அந்த மேல்நோக்கி வளைந்த ஓடுதளம் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸில் கிடையாது. படத்தில் இருப்பது 1959இல் சேவைக்கு வந்த அடுத்த ஹேர்மிஸ், பிறகு இந்தியா வாங்கி விராட் என்று பெயர் வைத்த கப்பல்.

இப்படிக்கு,
ஒரு சுழியோடி,
கல்குடா